சங்கிலியும் காற்றும்



கோடை விடுமுறை நெருங்கிவிட்டது. உங்களில் சிலர் கன்னியாகுமரிக்கும் சிலர் கொடைக்கானலுக்கும் செல்ல ஏற்கெனவே ஆயத்தமாகியிருப்பீர்கள். விடுமுறையைக் குறிக்கும் 'ஹாலிடே' என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தொடக்கத்தில் 'பரிசுத்த நாள்' என்பதே பொருள். காலப்போக்கில் பரிசுத்தம் ஒரு பக்கமும் விடுமுறை மறு பக்கமுமாகப் பிரிந்துபோயின. பிரிந்த இவ்விரண்டையும் ஒரு சிற்றூரின் எல்லைக்குள் மறுபடியும் சேர்த்துவைக்க முயன்ற விசுவாசிகளின் வரலாற்றை இவ்வாரம் உங்களோடு தியானிக்க விரும்புகிறேன்.

அந்த ஊரின் பெயர் ஓஷன் குரோவ். அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில், நியூயார்க் நகருக்குத் தெற்கே, அட்லாண்டிக் பெருங்கடலின் கரையில் அது இருக்கிறது. பரப்பளவு அரைச் சதுர மைலுக்கும் குறைவு. நிரந்தரமாகக் குடியிருப்போர் சுமார் 3,000 பேர். கோடைக்காலத்தில் அந்த எண்ணிக்கை பன்மடங்காகும். வடக்கே வெஸ்லி ஏரி, தெற்கே பிளெட்சர் ஏரி, கிழக்கே கடல். ஏரிகளுக்குச் சூட்டப்பட்ட பெயர்களே ஊரை நிறுவியவர்கள் மெதடிஸ்டுகள் என்பதைச் சொல்லிவிடுகின்றன.

1865இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிவுற்றபோது, ஆறு லட்சத்துக்கும் அதிகமான போர்வீரர்கள் மாண்டிருந்தார்கள். துக்கம் நுழையாத வீடு அரிது. மறுபுறம் நகரங்கள் ஆலைப் புகையாலும் நெருக்கடியாலும் நிறைந்துகொண்டிருந்தன. களைத்துப்போன மக்களுக்குத் தேவனோடு தனித்திருக்க ஓர் இடம் வேண்டும் என்ற வாஞ்சை அன்றைய மெதடிஸ்ட் ஊழியர்களிடையே பலமாக எழுந்தது. திறந்த வெளியில் கூடாரமிட்டுப் பல நாள் தங்கி, வசனம் கேட்டு ஜெபிக்கும் முகாம் கூட்டங்கள் அமெரிக்காவில் அந்த நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே நடந்துவந்தன. நம் ஊர்களில் கன்வென்ஷன் பந்தலில் கூடும் வழக்கத்தை அறிந்த உங்களுக்கு அதை விளக்கத் தேவையில்லை. 1867இல் நியூஜெர்சியின் வைன்லண்ட் என்னும் ஊரில் பரிசுத்தமாக்கப்படுதலை வலியுறுத்தும் பெரிய முகாம் கூட்டம் ஒன்று நடந்தது. அந்த எழுப்புதலின் தொடர்ச்சியாகவே கடலோரத்தில் நிரந்தரமான ஓர் இடம் தேடப்பட்டது.

வில்லியம் ஆஸ்போர்ன் என்ற போதகர் கரையோரமாகப் பல இடங்களைப் பார்த்து, இறுதியில் இத்தோப்பைத் தெரிந்துகொண்டார். உயர்ந்த கடற்கரை, அடர்ந்த மரநிழல், இவற்றோடு கொசுத் தொல்லை இல்லை என்பதும் அவர் கண்ட நன்மைகளில் ஒன்று. 1869 ஜூலை 31ஆம் நாள் மாலையில், ஒரு கூடாரத்துக்குள் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் சுமார் 20 பேர் கூடி ஜெபித்தார்கள். அதுவே ஊரின் பிறப்பு. அவ்வாண்டின் இறுதியில் 13 போதகர்களும் 13 சபை விசுவாசிகளும் கொண்ட முகாம் கூட்டச் சங்கம் உருவாயிற்று. எல்வுட் ஸ்டோக்ஸ் என்ற போதகர் அதன் முதல் தலைவராகி, 1897இல் மரிக்கும்வரை அப்பொறுப்பில் இருந்தார். 1870இல் வெட்டிய முதல் கிணற்றுக்கு ஆபிரகாமின் நினைவாகப் பெயெர்செபா என்று பெயரிட்டார்கள். தெருக்களுக்கோ சீயோன், கர்மேல், எர்மோன் என்ற மலைகளின் பெயர்கள்.

இந்த ஊரின் அமைப்பில் இரண்டு ஏற்பாடுகளைக் கவனிக்கும்படி உங்களை அழைக்கிறேன்.

முதலாவது, நிலத்தைப் பற்றியது. ஓஷன் குரோவில் வீடு கட்டியவர் எவருக்கும் மனை சொந்தமில்லை. நிலம் முழுவதும் சங்கத்துக்குரியது. வீட்டுக்காரர் 99 ஆண்டுக் குத்தகைக்கு அதைப் பெற்று, தவணை முடிந்ததும் புதுப்பித்துக்கொள்கிறார். இன்றும் அதுவே நடைமுறை. லேவியராகமம் 25ஆம் அதிகாரத்தில், தேசம் தம்முடையது என்றும் ஜனங்கள் தம்மிடத்தில் தங்கியிருக்கும் பரதேசிகள் என்றும் கர்த்தர் சொன்னதை நீங்கள் வாசித்திருக்கிறீர்கள். ஒவ்வொரு வீட்டுக்காரரும் தாம் இங்கே பரதேசி என்பதை இவ்வூரில் குத்தகைப் பத்திரத்திலேயே வாசிக்க நேரிடுகிறது.

இரண்டாவது, காற்றைப் பற்றியது. கடலுக்கு மிக அருகான இடம் எல்லாராலும் விரும்பப்படும். அங்கே வீடு கட்டுகிறவன் பின்னால் இருப்பவனுடைய காற்றையும் காட்சியையும் மறைத்துவிடுவது உலக வழக்கம். ஓஷன் குரோவை வகுத்தவர்கள் அதற்கு இடங்கொடுக்கவில்லை. கடலை நெருங்க நெருங்க வீடுகள் தெருவிலிருந்து படிப்படியாகப் பின்வாங்கி நிற்குமாறு மனைகளைப் பிரித்தார்கள். ஆகவே தெரு கடலை நோக்கி விரிந்துகொண்டே போகிறது. உள்ளே இருக்கும் வீட்டின் திண்ணையில் அமர்ந்திருப்பவருக்கும் கடல் தெரிகிறது. காற்று வந்து சேருகிறது. முன்னால் இருப்பவர் தம் மனையில் சில அடிகளைப் பின்னால் இருப்பவருக்காக விட்டுக்கொடுத்திருக்கிறார்.

1875இல் இருப்புப்பாதை வந்தபின் கூட்டம் பெருகிற்று. 1894இல் மரத்தால் ஆன மகா அரங்கம் எழும்பிற்று. பக்கவாட்டுக் கதவுகளைத் திறந்துவிட்டால் கடற்காற்று உள்ளே வீசும் அந்த அரங்கில் இன்றும் சுமார் 6,000 பேர் அமரலாம். கண்பார்வை இழந்திருந்தும் ஆயிரக்கணக்கான ஞானப்பாட்டுகளை இயற்றிய ஃபேனி கிராஸ்பி அம்மையார் இங்கு வந்து தங்கியவர்களில் ஒருவர். அரங்கைச் சுற்றிலும் இன்றும் 114 துணிக் கூடாரங்கள் கோடைதோறும் விரிக்கப்படுகின்றன. அவற்றில் இடம் பெறப் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும்.

இனி சங்கிலியின் கதைக்கு வருவோம்.

ஊரை ஆளும் அதிகாரத்தை மாநிலச் சட்டமன்றம் 1870இல் சங்கத்துக்கே அளித்தது. ஒழுங்குகளை இயற்றுவதும் காவலரை நியமிப்பதும் சங்கத்தின் கையில் இருந்தன. மதுவுக்கு இடமில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கடலில் குளிக்கக் கூடாது. சனிக்கிழமை நள்ளிரவு முதல் ஞாயிறு நள்ளிரவு வரை எந்த வண்டியும் ஊருக்குள் ஓடக் கூடாது. வாசல்கள் சங்கிலியிட்டு அடைக்கப்பட்டன. மோட்டார் கார்கள் வந்த பின்னரும் இவ்விதி நீடித்தது. சனிக்கிழமை இரவில் ஊரார் தங்கள் கார்களை ஏரிக்கு அப்பாலுள்ள ஊரில் நிறுத்திவிட்டு நடந்து திரும்பினார்கள்.

இதை வாசித்து நகைத்துவிடாதிருப்போமாக. வாகனச் சத்தமே இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை எப்படியிருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். சிறுபிள்ளைகள் தெருவின் நடுவே அச்சமின்றி நடந்திருப்பார்கள். அலையோசையும் பாட்டும் பேச்சும் தவிர வேறொன்றும் காதில் விழுந்திராது. சங்கிலியிட்டவர்கள் நல்லதொன்றைக் காக்கவே அதைச் செய்தார்கள்.

ஆயினும் சங்கிலியால் காக்க முடியாதவையும் இருந்தன. ஓஷன் குரோவில் கூடாரமிட்டுத் தங்கிய ஜேம்ஸ் பிராட்லி என்ற நியூயார்க் வணிகர், 1871இல் ஏரிக்கு வடக்கே 500 ஏக்கர் நிலம் வாங்கி ஓர் ஊரை நிறுவினார். பிரான்சிஸ் ஆஸ்பரி என்ற மெதடிஸ்ட் பேராயரின் நினைவாக அதற்கு ஆஸ்பரி பார்க் என்று பெயரிட்டார். அவ்வூரின் விடுதிகளில் சமைத்தவர்களிலும் துவைத்தவர்களிலும் பந்தி பரிமாறியவர்களிலும் பெரும் எண்ணிக்கையினர் கறுப்பினத்தார். 1880களில் அவர்கள் கடற்கரையிலும் பலகை நடைபாதையிலும் வெள்ளையரோடு கலந்து உலாவுவதைத் தடுக்கப் பிராட்லி முற்பட்டார். கறுப்பினச் சபையார் அதை எதிர்த்துக் குரல் எழுப்பினார்கள். பேராயர் ஆஸ்பரியின் ஊழியப் பயணங்களில் உடன் சென்று பிரசங்கித்தவர்களில் ஒருவர் ஹாரி ஹோசியர் என்ற கறுப்பினப் பிரசங்கியார். ஆஸ்பரியின் பெயரைத் தாங்கிய ஊரிலோ ஹோசியரின் இனத்தார் காற்று வாங்க இடம் மறுக்கப்பட்டார்கள்.

பிரியமானவர்களே, ஓய்வுநாள் கட்டளை வேதத்தில் இருமுறை வருகிறது. யாத்திராகமம் 20ஆம் அதிகாரம், தேவன் ஏழாம் நாளில் ஓய்ந்திருந்ததைக் காரணமாகக் காட்டுகிறது. உபாகமம் 5ஆம் அதிகாரமோ வேறொரு காரணத்தையும் முன்வைக்கிறது: நீ எகிப்திலே அடிமையாய் இருந்தாய், ஆகையால் உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப் போலவே இளைப்பாற வேண்டும். அந்த 'உன்னைப் போலவே' என்பதில் கட்டளையின் இருதயம் இருக்கிறது. எஜமான் இளைப்பாறும்படி வேலைக்காரி இரட்டிப்பாய் உழைத்தால், அங்கே வாசல் சங்கிலியிட்டு அடைக்கப்பட்டிருந்தும் கட்டளை மீறப்பட்டிருக்கிறது.

சங்கிலிக்கு முடிவு நீதிமன்றத்திலிருந்து வந்தது. குடித்துவிட்டு வாகனம் ஓட்டியதாக ஓஷன் குரோவின் நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்ட ஒருவர், ஒரு சமயச் சங்கம் தன்மேல் நீதி செலுத்த அதற்கு அதிகாரம் உண்டா என்று கேட்டு மேல்முறையீடு செய்தார். 1979இல் நியூஜெர்சி உச்ச நீதிமன்றம் அவ்வாதத்தை ஏற்றுக்கொண்டது. சமய அமைப்பின் கையில் அரசதிகாரத்தை ஒப்படைத்தது அமெரிக்க அரசியல் சட்டத்துக்கு முரணானது எனத் தீர்ப்பாயிற்று. ஆட்சிப் பொறுப்பு நெப்டியூன் நகராட்சிக்குச் சென்றது. ஞாயிற்றுக்கிழமைகளில் கார்கள் ஓடத் தொடங்கின. எஞ்சியிருந்தது ஞாயிறு காலை வேளையில் கடற்கரையை மூடிவைக்கும் வழக்கம் மட்டுமே. 2023இல் மாநிலத்தின் சுற்றுச்சூழல் துறை அதையும் கைவிடுமாறு உத்தரவிட, 2024 கோடையில் ஞாயிறு காலையிலும் கடற்கரை திறந்திருந்தது.

இதனால் அங்கே வருந்தியோர் உண்டு, மகிழ்ந்தோரும் உண்டு. சட்டத்தின் நியாயத்தை நாம் எளிதில் உணரலாம். சிறுபான்மையினராய் வாழும் நமக்கு, ஒரு சமயத்தாரின் கையில் அரசதிகாரம் சேர்வது மற்றவர்களை எப்படி அச்சுறுத்தும் என்பது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நாம் செய்யப்பட விரும்பாததைப் பிறருக்குச் செய்வது தகாது.

நான் உங்கள் முன் வைக்க விரும்புவது இதுவே. சங்கிலிகள் போய்விட்டன. மனைகளின் வரிசையோ 1870களில் வகுக்கப்பட்டபடியே இருக்கிறது. 2012இல் சாண்டி புயல் அவ்வூர்க் கடற்பாலத்தை உடைத்து, மகா அரங்கத்தின் கூரையில் ஒரு பகுதியையும் பெயர்த்தது. அவற்றையெல்லாம் மறுபடியும் கட்டினார்கள். ஆனால் முன்வீட்டுக்காரர் பின்வீட்டுக்காரருக்காக விட்ட அந்தச் சில அடிகளை எந்தப் புயலும் பெயர்க்கவில்லை. எந்தத் தீர்ப்பும் நீக்கவில்லை. விசுவாசமற்றவரும் அவ்வழியே வரும் காற்றை வாங்கிக்கொள்கிறார். ஓய்வுநாள் மனுஷனுக்காக உண்டாக்கப்பட்டது என்று மாற்கு 2ஆம் அதிகாரத்தில் நம் ஆண்டவர் போதித்ததை அவ்வூரார் அறிந்திருந்தார்கள். வாசலில் அவர்கள் இட்ட சங்கிலியைவிட, அந்தத் திறந்த இடைவெளியே அப்போதனைக்கு உண்மையான சாட்சியாக நிற்கிறது.

நம் ஞாயிற்றுக்கிழமைகளை இந்த வெளிச்சத்தில் சோதித்துப் பார்ப்போம். ஆராதனைக்குத் தவறாமல் வருகிறோம், அது நல்லது. வீடு திரும்பி நாம் உறங்குகையில் சமையலறையில் நின்றுகொண்டிருப்பவர் யார்? வீட்டு வேலைக்கு வரும் அம்மாளுக்கு வாரத்தில் ஒரு நாளாவது ஓய்வு உண்டா? அவர் வேறு சமயத்தவராய் இருக்கலாம். கட்டளை அவரை விலக்கவில்லை. விடுமுறைப் பயணத்தில் நம்மை ஏற்றிச் செல்லும் ஓட்டுநர், நாம் அறையில் படுத்திருக்கும்போது காரின் இருக்கையில்தான் உறங்க வேண்டுமா? நம் குடும்பத்தின் இளைப்பாறுதல் எவருடைய காற்றையாவது மறைத்துக்கொண்டு நிற்கிறதா?

ஊழியத்திலிருந்து திரும்பிய சீஷர்கள் சாப்பிடவும் நேரமில்லாதிருந்ததைக் கண்டு, தனியிடத்துக்கு வந்து சற்றே இளைப்பாறும்படி ஆண்டவர் அவர்களை அழைத்தார் என்று மாற்கு 6ஆம் அதிகாரம் கூறுகிறது. விடுமுறை அவருடைய இரக்கத்திலிருந்து வரும் ஈவு. ஆகவே மனச்சாட்சி உறுத்தாமல் சென்று வாருங்கள். கடலைப் பாருங்கள், பிள்ளைகளோடு மணலில் விளையாடுங்கள். புறப்படுமுன், உங்களுக்காக உழைக்கிறவர்களில் ஒருவருக்கு, கூலி குறையாமல், ஓர் ஓய்வு நாளைக் கொடுத்துவிட்டுப் புறப்படுங்கள். அவர்களுடைய திண்ணைக்கும் காற்று போகட்டும்.

ஜெபம்: ஏழாம் நாளைப் பரிசுத்தமாக்கின பிதாவே, எங்களுக்கு இளைப்பாறுதல் தந்தருளும். நாங்கள் பெற்ற ஓய்வைப் பிறருக்கும் விட்டுக்கொடுக்கும் இருதயத்தைத் தாரும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் வேண்டிக்கொள்கிறோம். ஆமென்.