கற்பனை உருவங்களும் உடற்கூற்று வழுக்களும்

கற்பனைக்கு எல்லையில்லை என்பர். அங்ஙனமாயின், உலகில் இல்லாத ஒரு பிராணியை வரையும் ஓவியனிடம் ‘இதன் உடலமைப்புப் பிழை’ என்று கூற எவருக்கு உரிமையுண்டு? மாயவுலகைக் களமாகக் கொண்ட விளையாட்டு நூல்களின் சித்திரங்கள் பற்றி இவ்வினா அடிக்கடி எழுப்பப்படுகின்றது. ஆயினும், இது இன்று தோன்றிய வினா அன்று. இதன் வரலாற்றைச் சுருக்கமாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

குதிரையுடலும் மனித மேலுடலும் கொண்ட சென்ரோரைக் கிரேக்கர் கற்பித்தனர். கி.மு. 5ஆம் நூற்றாண்டில் எழுந்த பார்த்தினன் கோயிலின் சிற்பப் பலகைகளில் அதனைக் காணலாம். ஆங்கு மனிதப் பகுதியும் குதிரைப் பகுதியும் தனித்தனியே செவ்வனே அமைந்திருத்தலால், இரண்டும் இணையும் இடத்தை நம் கண் ஐயுறுவதில்லை. எனினும், கி.மு. முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த உரோமப் புலவர் லுக்ரீசியஸ் இத்தகைய உயிர் இருத்தல் இயலாது என வாதிட்டார். மூன்று வயதிற் குதிரை வளர்ச்சி பெற்றுவிடும். அவ்வயதில் மனிதக் குழந்தையோ தாய்ப்பாலை மறவாத பருவத்தது. வேறுபட்ட வேகத்தில் வளரும் இரண்டு உடல்கள் ஓருடலாதல் எங்ஙனம் என்பதே அவர் எழுப்பிய தடை.

மறுமலர்ச்சிக் காலத்தில் லியனார்டோ டா வின்சி இதற்கு ஒரு வழி கண்டார். பிணங்களை அறுத்து உடற்கூற்றினைப் பயின்றவர் அவர். கற்பனை விலங்கு இயல்பானதாகத் தோன்ற வேண்டுமாயின், அதன் ஒவ்வோர் உறுப்பும் உண்மை விலங்கொன்றின் உறுப்பை ஒத்திருத்தல் வேண்டும் என அவர் தம் குறிப்புகளில் எழுதினார். டிராகனை வரைபவன் நாயின் தலையையும் பூனையின் கண்களையும் ஆமையின் கழுத்தையும் கொள்ளலாம் என்பது அவர் காட்டிய உதாரணம். கற்பனை செய்வோனும் இயற்கையை உற்றுநோக்கியே தீரவேண்டும் என்பது இதன் உட்பொருள்.

இந்நெறி எவ்வாறு நழுவியது என்பதை விளையாட்டு நூல்களின் வரலாறு காட்டும். கேரி கைகக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகியோர் ஆக்கிய ‘டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்’ 1974இல் ஐக்கிய அமெரிக்காவில் வெளிவந்தது. முதற்பதிப்பு 1000 பிரதிகளே. சிறு முதலுடன் தொடங்கிய அம்முயற்சியிற் பயிற்சி குறைந்த ஓவியர்களே பங்குகொண்டனர். அவர்களின் சித்திரங்கள் சில, சித்திரக்கதைச் சஞ்சிகைகளின் காட்சிகளைப் பார்த்து வரையப்பட்டவை. ஆந்தைத் தலையும் கரடியுடலும் கொண்ட பிராணி உட்படச் சில உருவங்கள், மலிவான பிளாஸ்திக் பொம்மைகளிலிருந்து பிறந்தவை எனக் கைகக்ஸே பின்னர் கூறினார். ஆகவே, விலங்கைப் பார்த்து வரைதல் என்ற நிலை மாறி, படத்தைப் பார்த்துப் படம் வரைதல் என்ற நிலை உருவாயிற்று.

இதன் விளைவை டிராகனின் உருவத்திற் காணலாம். பறவைக்கும் வௌவாலுக்கும் சிறகு என்பது முன்னவயவத்தின் திரிபே. நான்கு கால்களோடு இரு சிறகுகளும் உடைய டிராகனுக்கோ ஆறு அவயவங்கள். மேலதிகச் சிறகுகளைத் தாங்கும் தோளென்பு எங்கே? அவற்றை அசைக்கும் மார்புத் தசை எங்கே? பல சித்திரங்களிற் சிறகுகள் முதுகில் ஒட்டவைக்கப்பட்டனவாகவே தோன்றின. 2000இல் வெளியான மூன்றாம் பதிப்புக்காக ரொட் லொக்வூட், சாம் வூட் ஆகிய ஓவியர்கள் டிராகன்களைப் புதிதாக உருவமைத்தபோது என்பு, தசை என்பவற்றையும் கருத்திற்கொண்டனர். 2003இல் வெளிவந்த ‘டிராகோனொமிகொன்’ என்ற நூல் டிராகனின் உள்ளமைப்பையே விளக்கிற்று. ஆறு அவயவங்கள் நீங்கவில்லை. ஆயினும் உருவம் நம்பத்தக்கதாயிற்று.

பெண்ணுருவங்களிற் காணப்படும் வழுவோ வேறு வகையானது. மார்பும் பிட்டமும் ஒருங்கே பார்ப்போர் பக்கம் திரும்புமாறு முள்ளந்தண்டு முறுக்கப்படுகின்றது. வயிற்றில் உள்ளுறுப்புகளுக்கு இடமே இல்லை. போர்க்களத்தில் நிற்பவளின் கவசம் உயிர்நிலைகளையே மறைப்பதில்லை. இதற்கும் முன்னோடி உண்டு. பிரெஞ்சு ஓவியர் அங்கர் 1814இல் தீட்டிய ‘கிராண்ட் ஒடலிஸ்க்’ ஓவியத்துப் பெண்ணுக்கு மூன்று முள்ளென்புகள் அதிகம் எனத் திறனாய்வாளர் குறைகூறினர். அங்கர் வரையத் தெரியாதவர் அல்லர். வளைவின் அழகை வேண்டி முதுகை நீட்டினார். டிராகனின் பிழை பெரும்பாலும் அறியாமையாலும் அவசரத்தாலும் நேர்வது. பெண்ணுடலின் பிழையோ பார்ப்போரின் விருப்புக்கு இணங்கிச் செய்யப்படுவது. முன்னையதைப் பயிற்சி திருத்தும். பின்னையதைத் திருத்துவதற்கு மனப்பாங்கு மாறவேண்டும்.

எனவே, கற்பனை உருவத்திற் பிழை காண்பது கற்பனைக்கு விலங்கிடுவது ஆகாது. இல்லாத உயிருக்கு இலக்கணம் வகுக்க எவராலும் இயலாதுதான். ஆனால் இருக்கும் உயிரிடமிருந்து இரவல் பெற்ற உறுப்புக்கு இலக்கணம் உண்டு. அவ்விலக்கணம் எங்கே, எதன் பொருட்டு மீறப்பட்டது என்று வினவும்போது, வரைந்த கையை மட்டுமன்றி அதனை வரைவித்த சமுதாயத்தையும் நாம் அறிந்துகொள்கின்றோம்.