ஏரிக்கரையில் ஊர்க்கூட்டம் – ஒரு வரலாற்று நோக்கு



யூபிலி என்றதும் கொடியேற்றமும் தேர்ப்பவனியும் வாண வேடிக்கையும் நம் கண்முன் வருகின்றன. ஆனால் லேவியர் ஆகமம் 25-ஆம் அதிகாரத்தைத் திறந்தால் யூபிலியின் முதற்பொருள் வேறு என்று காண்கிறோம். ஐம்பதாம் ஆண்டில் எக்காளம் ஊதப்படும். கைமாறிப்போன நிலம் பழைய குடும்பத்துக்குத் திரும்பும். அடிமைப்பட்டவன் விடுதலை பெற்று வீடு திரும்புவான். நிலம் ஆண்டவருடையது, மனிதர் அதில் தங்கியிருப்போரே என்பதுதான் அச்சட்டத்தின் அடிப்படை. நம்மில் பெரும்பாலோருக்கு வயல் இல்லை. ஏரியும் கடலுமே நமது நிலம். அந்த ஏரியை நம் முன்னோர் எவ்வாறு கூடிப்பேசிப் பங்கிட்டனர், அந்த வழக்கம் நம்மிடம் என்ன கேட்கிறது என்பதைச் சிந்திப்பதே இந்த மலருக்குப் பொருத்தம் என எண்ணினோம்.

கல்லில் இல்லாத பெயர்கள்

நம் மகிமை மாதா ஆலயத்தைப் போர்த்துக்கீசியர் 1515-இல் எழுப்பினர் என்பது மரபு. 1613-இல் டச்சுக்காரர் இங்கே கெல்திரியா கோட்டையைக் கட்டி, சோழமண்டலக் கரை வணிகத்தின் தலைமையிடமாக இவ்வூரை வைத்திருந்தனர். துணி ஏற்றிய அதே கப்பல்களில் 17-ஆம் நூற்றாண்டில் ஆயிரக்கணக்கான ஏழை மக்களை அடிமைகளாக பத்தாவியாவுக்கு ஏற்றியனுப்பியதும் இக்கரையிலிருந்துதான். 1825-இல் ஊர் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. டச்சுக் கல்லறைகளில் அவர்களுடைய வணிகர், அதிகாரிகளின் பெயர்கள் இன்றும் படிக்கக் கிடக்கின்றன. வலை வீசியவன் பெயரோ, கூடை சுமந்தவள் பெயரோ எந்தக் கல்லிலும் இல்லை. அப்படியானால் நம் மக்களுக்கு வரலாறு இல்லையா? உண்டு. அது கல்லில் அல்ல, ஊர்க்கூட்டத்தில் இருக்கிறது.

பாடு முறை

நீரோட்டத்தில் கம்பு நட்டு வலை கட்டி இறால் பிடிக்கும் இடத்துக்குப் ‘பாடு’ என்று பெயர். எல்லா இடத்திலும் இறால் ஒன்றுபோல் விழாது. வலியவன் நல்ல இடத்தைப் பிடித்துக்கொண்டால் எளியவன் பட்டினி. இதைத் தவிர்க்கக் கோட்டைக்குப்பம், ஆண்டிகுப்பம், நடூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களின் முன்னோர் ஓர் ஒழுங்கு செய்தனர். மணமான ஆண்மகன் ஒரு ‘தலைக்கட்டு’. தலைக்கட்டுகள் கூடி, குழுக்களாகப் பிரிந்து, சீட்டுப் போட்டு இடத்தை முடிவு செய்வர். இன்று நல்ல இடத்தில் கட்டியவர் நாளை வேறிடம் போகவேண்டும். தவறினால் ஊர் தண்டம் விதிக்கும். போலீஸ் இல்லை, பத்திரம் இல்லை. ஊர் முன்னிலையில் பேசிய பேச்சே பத்திரம்.

இலங்கையில் நீர்கொழும்பு வாவியிலும் இதுபோன்ற வழக்கம் உண்டு. அங்கே ‘கட்டுதெல்’ என்னும் வலை கட்டும் கத்தோலிக்க மீனவர் நான்கு சங்கங்களாகக் கூடிச் சீட்டுப் போட்டு இடங்களைப் பிரித்துக்கொள்கின்றனர். கடல் கடந்த சகோதரரும் நாமும் ஒரே பாடத்தைக் கற்றிருக்கிறோம்: பொதுச் சொத்தைக் காப்பது பொதுப் பேச்சே.

நம் முன்னோரின் குறை

பெருமையை மட்டும் எழுதினால் அது வரலாறு ஆகாது. அந்தக் கூட்டத்தில் பெண்களுக்கு இடமில்லை. ஏரியை நம்பிய மற்ற ஊர்களுக்கும் சமூகங்களுக்கும் பாட்டில் பங்கில்லை. இறாலுக்கு வெளிநாட்டுச் சந்தை ஏற்பட்டு விலை உயர்ந்ததும், வெளியே நிறுத்தப்பட்டவர்கள் பங்கு கேட்டனர்; பூசல்கள் எழுந்தன. நாம் ஒருமுறை கூட்டம் ஒன்றில் அமர்ந்திருந்தபோது, சேற்று நீரில் கையால் தடவி இறால் பிடிக்கும் தாய் ஒருவர் பின்னால் நின்றபடியே, “ஏரி எங்களுக்கும்தானே சோறு போடுது சாமி, எங்களை யார் கேட்டாங்க?” என்றார். ஒருவரும் பதில் சொல்லவில்லை. அன்று நாமும் பேசாதிருந்தோம். அதை இங்கே ஒப்புக்கொள்வது நம் கடமை.

ஆதித் திருச்சபையிலும் இப்படியொரு முறையீடு எழுந்தது. பந்தியில் தங்கள் கைம்பெண்கள் கவனிக்கப்படவில்லை என்று கிரேக்க மொழி பேசியோர் முறையிட்டனர். திருத்தூதர்கள் அவர்களை அதட்டி அடக்கவில்லை. சீடர் அனைவரையும் ஒருங்கே கூட்டி, அவர்களே எழுவரைத் தெரிந்தெடுக்கச் செய்தனர் (திருத்தூதர் பணி 6). முறையீட்டைக் கேட்டதால் திருச்சபை குலையவில்லை. வளர்ந்தது என்றே அந்நூல் கூறுகிறது.

நீதிமன்றத்தில் நம் ஏரியின் பெயர்

1990-களில் கரையோரமெங்கும் இறால் பண்ணைகள் பெருகின. குடிநீர் உப்பானது, மீனவர் கடலுக்குச் செல்லும் வழி அடைபட்டது. தஞ்சைக் கடற்கரையில் சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் ஊர் ஊராக நடந்து கூட்டம் கூட்டி மக்களைத் திரட்டி, உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். 1996 டிசம்பர் 11-ஆம் நாள் தீர்ப்பு வந்தது. அதில் சிலிக்கா ஏரி, பழவேற்காடு ஏரி இரண்டின் பெயரையும் குறிப்பிட்டு, 1000 மீட்டருக்குள் இறால் பண்ணை கூடாது என்று நீதிமன்றம் கட்டளையிட்டது. கிராமத்து மரத்தடியில் தொடங்கிய பேச்சு டில்லியில் தீர்ப்பாயிற்று! ஆனால் 2005-இல் பாராளுமன்றம் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டத்தை இயற்றி, பதிவு பெறும் பண்ணைகளுக்கு மீண்டும் வழி திறந்தது. ஒருமுறை பெற்ற வெற்றியை நம்பி உறங்கிவிடலாகாது என்பதற்கு இதுவே சான்று.

இன்று நம் கையில் உள்ளவை

அரசியல் சட்டத்தின் 73-ஆம் திருத்தம் 1993-இல் நடைமுறைக்கு வந்தது. ஊராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்கவை என அது குறிக்கும் 29 துறைகளில் மீன்வளமும் ஒன்று. 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி, வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் கிராம சபையின் உறுப்பினர். அங்கே தலைக்கட்டுக் கணக்கு இல்லை. ஆணும் பெண்ணும், பாடு உள்ளவரும் இல்லாதவரும் சமமாய் அமரலாம். நம் முன்னோர் கூட்டத்தில் இருந்த குறையைச் சட்டமே தீர்த்துவைத்திருக்கிறது. ஆனால் குடியரசு நாளிலும் மே நாளிலும் சபை கூடும்போது நாற்காலிகள் நிரம்புகின்றனவா? கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்துபோகிறவர் எத்தனை பேர்!

இரண்டாவது, பொதுக் கருத்துக்கேட்புக் கூட்டம். பெருந்தொழில்களுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி தருமுன் மக்களைக் கேட்கவேண்டும் என்ற விதி 1997-இல் வந்தது. 2006 அறிவிக்கை அதை விரிவாக்கியது. அதன்படி 30 நாளுக்குமுன் அறிவிப்பு வரவேண்டும். அறிக்கைச் சுருக்கம் தமிழில் கிடைக்கவேண்டும். நேரில் பேசலாம், எழுதியும் தரலாம். முடிவில் நடந்தவற்றின் குறிப்பைத் தமிழில் படித்துக்காட்ட வேண்டும். நமக்குத் தெற்கே காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,000 ஏக்கருக்கு மேல் விரிவாக்கும் திட்டத்துக்காக 2021 ஜனவரி 22-இலும், பின்னர் 2023 செப்டம்பர் 5-இலும் இத்தகைய கூட்டம் அறிவிக்கப்பட்டு, இருமுறையும் தள்ளிவைக்கப்பட்டது. முகத்துவாரத்தில் மணல் மேடிட்டால் இறால் குஞ்சு உள்ளே வராது என்பதை அலுவலகத்தில் இருப்பவர் புத்தகத்தில் படிப்பார்; நாம் வலையில் கண்டவர்கள். அந்த அறிவைச் சபையில் சொல்லவேண்டியவர் யார்?

திருத்தந்தை பிரான்சிசும் ‘லவ்தாத்தோ சி’ என்ற 2015-ஆம் ஆண்டுச் சுற்றுமடலில், இத்தகைய ஆய்வுகளில் அவ்விடத்து மக்களுக்குத் தனியிடம் தரவேண்டும் என்று போதித்தார். இடம் தருவது அரசின் கடமை. அங்கே சென்று அமர்வது நம் கடமை.

ஆகவே இந்த யூபிலியின் நினைவாக ஒரு தீர்மானம் எடுப்போம். ஒவ்வொரு அன்பியத்திலிருந்தும், குறிப்பாகத் தாய்மார்கள், கிராம சபைக்குத் தவறாமல் செல்வோம். அறிவிப்பு வந்தால் கோயில் பலகையில் ஒட்டி, திருப்பலிக்குப்பின் படித்துக்காட்டுவோம். நம் ஊர்க்கூட்டம் கூடும்போது இதுவரை பின்னால் நின்றவர்களை முன்னால் அமரச் செய்வோம். அன்று ஒரு தாய் கேட்ட கேள்விக்கு நாம் தரக்கூடிய பதில் அதுவே. கானாவூர்த் திருமணத்தில் திராட்சை இரசம் தீர்ந்ததைக் கண்டு வாய்திறந்து சொன்னவர் நம் அன்னை. மகிமை மாதா நமக்கும் குறை கண்டவிடத்துப் பேசும் துணிவைப் பெற்றுத் தருவாராக! ஆமென்.