கொழுந்துக்குத் தராசு இருக்கிறது, குடும்பத்துக்கு?

"எத்தனையோ திட்டம் வந்துச்சு, ஒன்னும் மாறல." லிந்துலைப் பக்கம் இந்தப் பேச்சைக் கேட்காதவர்கள் குறைவு. திட்ட அறிக்கைகளைப் புரட்டினாலோ எல்லாமே வெற்றி. இதில் எது உண்மை? எங்களால் உறுதியாகச் சொல்ல முடியாது, ஏனென்றால் அளவுகோல் எங்கள் கையில் இருந்ததில்லை. அது ஏன் என்று பார்க்க கொஞ்சம் வரலாற்றுக்குள் போக வேண்டும்.

தோட்டத்தில் அளக்காத நாளே கிடையாது. காலையில் பெரட்டுக்களத்தில் ஆள் கணக்கு, கொழுந்து மடுவத்தில் தராசு, பிறகு செக்ரோலில் பதிவு. சொன்ன கிலோ வந்தால் 'பேர்', குறைந்தால் 'அரைப்பேர்'. தேயிலைச் செடிக்கு ஒரு ஆராய்ச்சி நிலையமே உண்டு. 1925-ல் தொடங்கிய அது இன்று நமக்குப் பக்கத்திலேயே, தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்தில் இருக்கிறது. எந்த உரம் பலன் தந்தது, எது தரவில்லை என்று கிட்டத்தட்ட நூறு வருசமாகப் பரிசோதித்து எழுதி வைக்கிறார்கள். அதே மலையில் வாழும் குடும்பங்களுக்காக வந்த திட்டங்களை இப்படிப் பரிசோதிக்கும் பழக்கம் தோட்டத்துக்குள் வளரவில்லை.

செடியின் கணக்கைக் கேட்க முதலாளி இருந்தார். குடும்பத்தின் கணக்கைக் கேட்க யார் இருந்தார்கள்? 1872-ல் தோட்டத் தொழிலாளருக்கான மருத்துவத் தேவைகள் சட்டம் வந்தபோதே விசயம் அரசாங்கத்துக்கும் துரைமாருக்கும் இடையில்தான் இருந்தது. 1948-ன் குடியுரிமைச் சட்டம் எங்கள் மக்களில் பெரும்பாலானவர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. அடுத்து வாக்குரிமையும் போனது. வாக்கு இல்லாதவருக்கு எந்த அரசியல்வாதி கணக்குக் காட்டுவார்? 1987-ன் பிரதேச சபைகள் சட்டமும் தோட்டத்துக்குள் சபைப் பணத்தைச் செலவழிக்கத் தடையாக இருந்தது. 2018-ல்தான் அதைத் திருத்தினார்கள். 1992-ல் தோட்ட நிர்வாகம் கம்பனிகளுக்குப் போனபோது வீடமைப்பு, சுகாதாரம், பிள்ளைப் பராமரிப்பு வேலைகளுக்காக ஒரு நிதியம் உருவானது. இன்று அதன் பெயர் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம். அரசாங்கம், கம்பனி, தொழிற்சங்கம் மூன்றும் அதில் உண்டு. லயத்தில் இருக்கிற குடும்பம் நேராக உட்கார அங்கே நாற்காலி இல்லை.

யார் அளக்கிறார்கள் என்பதில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்கலாம். இந்த எண்களைப் பாருங்கள். தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் கணக்கில் தோட்டத்துறை வறுமை 2006/07-ல் 32 வீதம். மூன்றே வருசத்தில், 2009/10-ல், 11.4. 2016-ல் 8.8. பார்த்தால் பெரிய சாதனை. ஆனால் அதே 2016-ன் குடிசன சுகாதார ஆய்வில், தோட்டத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 31.7 வீதம் பேருக்கு வயதுக்கேற்ற உயரம் இல்லை. நாடு முழுவதற்கும் அது 17.3. பிறகு வறுமைக்கோட்டையே புதிதாகக் கணித்தார்கள். 2019-ல் தோட்டத்துறை வறுமை 33.8 வீதம் என்று வந்தது. அந்த மூன்று வருசத்தில் சனங்கள் திடீரென்று ஏழையாகிவிடவில்லை. மாறியது பெரும்பாலும் கோடுதான்.

2023-ல் வந்த அஸ்வெசுமவில் 22 குறிகாட்டிகளை வைத்து குடும்பங்களுக்குப் புள்ளி போட்டார்கள். கம்பனிக்குச் சொந்தமான லயக் காம்பராவில் மூன்று தலைமுறையாக இருக்கும் குடும்பத்தின் 'வீட்டு நிலைமை' என்ன? ஒரே கூரைக்குக் கீழே இரண்டு அடுப்பு எரிந்தால் அது ஒரு குடும்பமா, இரண்டா? தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் கேள்விகள் உடனே தோன்றும். படிவம் தயாராகும் மேசையில் நம்மாட்கள் இருந்தால்தான் அங்கேயும் தோன்றும்.

மதிப்பீடு என்ற துறை இலங்கைக்குப் புதுசு இல்லை. இலங்கை மதிப்பீட்டுச் சங்கம் 1999-லேயே தொடங்கியது. 2018-ல் தேசிய மதிப்பீட்டுக் கொள்கைக்கு அமைச்சரவை அனுமதி கொடுத்தது. ஆனால் அந்தத் திறமை கொழும்பிலேயே நின்றுவிட்டால் லிந்துலைக்கு என்ன லாபம்?

ராஜஸ்தானில் வேறு மாதிரி நடந்தது. மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற அமைப்பு 1994-ல் ஊர் நடுவே பொது விசாரணைகளைத் தொடங்கியது. அரசாங்க வேலைக்கு வந்தவர்களின் பட்டியலைச் சத்தமாக வாசித்தார்கள். "நான் அந்த வேலைக்குப் போகவே இல்லையே" என்று சனங்களே எழுந்து சொன்னார்கள். செக்ரோலைத் தெரிந்த நமக்கு இது எவ்வளவு பெரிய விசயம் என்று விளங்கும். 2005-ன் இந்திய ஊரக வேலை உறுதிச் சட்டத்தில் 'சமூகத் தணிக்கை' சட்டப்படியே இடம் பிடித்தது. எழுத்து வாசிக்கத் தெரியாத பலரும் அங்கே மதிப்பீட்டாளர்களாக நின்றார்கள்.

இதற்கு வேண்டியவர்கள் இங்கேயும் இருக்கிறார்கள். பிள்ளை மடுவத்தில் வேலை செய்கிறவர்கள், குடும்பநல உத்தியோகத்தர்கள், பிள்ளையின் நிறை எழுதிய அட்டையைப் பத்திரமாக வைத்திருக்கும் தாய்மார், கம்பஸ் போய்ப் புள்ளிவிபரம் படித்த எங்கள் வயதுப் பிள்ளைகள். இவர்களுக்குப் பயிற்சியும், கேள்வி கேட்கும் உரிமையும், திட்டச் செலவிலேயே ஒரு பங்கும் கிடைக்க வேண்டும்.

அடுத்த திட்டத்தின் பெயர்ப்பலகை தோட்டத்து ரோட்டில் நடப்படும் முன்னாலேயே மூன்று கேள்வி கேட்போம். இன்றைய நிலைமையை எழுதி வைத்தீர்களா? எது மாறினால் வெற்றி என்று சொல்வீர்கள், அதை யார் முடிவு செய்தது? முடிவைத் தமிழில், எங்கள் முன்னால் வாசிப்பீர்களா?