ஆள் வந்தா சம்பளமும் கூடவே வரும்

பட்டுக்கோட்டையில நாங்க ஆறு பேர் எக்ஸெல் ஷீட்ல ஒரு டம்மி லீக் நடத்துறோம். ஏலம், சம்பள வரம்பு, ட்ரேடு எல்லாம் உண்டு. போன வாரம் ஒரு ஸ்டார் ஆட்டக்காரனை ட்ரேடுல வாங்கிட்டு குஷியா இருந்தேன். கூட்டிப் பார்த்தா வரம்பைத் தாண்டிடுச்சு! அவன் சம்பளமும் கூடவே வந்ததை மறந்துட்டேன்.

நிஜ ஐ.பி.எல்.லில் இந்தக் கணக்கு யார் தலையில விழுந்திருக்குன்னு பார்க்க, ரவீந்திர ஜடேஜா கதை ஒண்ணு போதும்.

பணக்கார அணி எல்லாரையும் அள்ளிடக் கூடாதுன்னு வந்ததுதான் வரம்பு. 2008 முதல் ஏலத்தில் அணிக்கு 50 லட்சம் டாலர். அதில் 15 லட்சத்தை தோனிக்கே கொடுத்தது சென்னை. அந்த வருஷம் ராஜஸ்தானில் ஆடிய ஜடேஜா, பிறகு விதியை மீறி வேற அணியோட பேரம் பேசினார்னு 2010 சீசன் முழுக்கத் தடை.

2012 ஏலத்தில் அணிக்கு 20 லட்சம் டாலர்தான் வரம்பு. சென்னை, டெக்கான் சார்ஜர்ஸ் ரெண்டுமே ஜடேஜாவுக்கு அந்த 20 லட்சத்தையும் கேட்டன. சமன்! உடனே ரகசிய ஏலம், ஜெயிச்சது சென்னை. ஆனா ஜடேஜா கைக்கு 20 லட்சம்தான். அதுக்கு மேல எழுதிக் கொடுத்த தொகை கிரிக்கெட் வாரியத்துக்கு.

2023 நவம்பரில் ஹர்திக் பாண்ட்யா குஜராத்திலிருந்து மும்பைக்குப் போனார். அவருடைய 15 கோடிக்கு இடம் வேணுமே? 17.5 கோடி கேமரூன் கிரீனை பெங்களூருக்கு அனுப்பினாங்க. அணிகள் தங்களுக்குள்ள பேசிக்கிற ட்ரான்ஸ்ஃபர் தொகையோ வரம்புக் கணக்கிலேயே வராது.

2025 நவம்பரில் மறுபடி ஜடேஜா. சஞ்சு சாம்சன் 18 கோடிக்குச் சென்னை வந்தார். பதிலுக்கு ஜடேஜாவும் 2.4 கோடி சாம் கரனும் ராஜஸ்தானுக்கு. ஜடேஜாவின் 18 கோடி அப்படியே போயிருந்தா ராஜஸ்தானுக்கு 2.4 கோடி கூடுதல் சுமை. 14 கோடியா குறைச்சதால 1.6 கோடி மிச்சம். முதல் அணிக்கே திரும்பினார், சம்மதிச்சுத்தான் போனார், சரி. ஆனா கணக்கு நேரானது அவர் சம்பளத்துலதான்.

ஆக, வரம்பு பணத்தை நிறுத்தலை. வாரியத்துக்கும் அணிக்கும் வேற வாசல் இருக்கு.

எங்க ஷீட்டுல ட்ரேடு ஆகிறவன் சம்பளத்தைக் குறைக்கக் கூடாதுன்னு விதி போடச் சொல்லியிருக்கேன். முதல் நஷ்டம் எனக்குத்தான் :-)