மஞ்சள்னா பாசிட்டிவ், பிங்க்னா நெகட்டிவ்! நிறம் மாறும் டிஎன்ஏ டெஸ்ட் எப்படி வேலை செய்கிறது?

விக்கிரவாண்டி பக்கத்து கிராமம் ஒன்றில் ஒருவருக்கு மூன்று வாரமாக இருமல் என்று வைத்துக்கொள்வோம். சளி மாதிரி லேபுக்குப் போய் ரிசல்ட் வரும் வரை அவர் வீட்டில், டவுன் பஸ்ஸில், டீக்கடையில்தான் இருப்பார். காசநோயாக இருந்தால், காத்திருக்கும் அந்த நாட்களிலேயே அது இன்னொருவருக்குப் பரவலாம். உலகக் காசநோயாளிகளில் நான்கில் ஒருவருக்கு மேல் இந்தியாவில்தான் இருக்கிறார்கள்.

கிருமியின் டிஎன்ஏவைக் கண்டுபிடிக்க கொரோனா காலத்தில் எல்லோருக்கும் பழகிய பெயர் பிசிஆர். அதில் மாதிரியை 95 டிகிரி வரை சூடாக்கி, குளிரவைத்து, மறுபடி சூடாக்க வேண்டும். இப்படி 30, 40 சுற்று. அதற்கு விலை உயர்ந்த மெஷின் தேவை.

லேம்ப் என்றால் என்ன?

ஜப்பானின் ஐகென் நிறுவனத்தைச் சேர்ந்த நோடோமி குழு 2000-ல் வெளியிட்ட முறை இது. ஒரே வெப்பநிலை, சுமார் 65 டிகிரி போதும். வெந்நீர் ஊற்று போன்ற சூடான இடங்களிலும் வாழும் பாக்டீரியா ஒன்றின் என்சைம்தான் இங்கே வேலைக்காரர். டிஎன்ஏவின் இழைகளை அதுவே பிரித்துவிடும். 4 முதல் 6 பிரைமர்கள் கிருமிக்கே உரிய பகுதியைத் தேடிப் பிடிக்கும். பிடித்துவிட்டால் அரை மணி, ஒரு மணி நேரத்தில் அந்தத் துண்டு கோடிக்கணக்கில் பெருகிவிடும்.

நிறம் ஏன் மாறுது?

ஆரத்தித் தட்டை நினைச்சுப் பாருங்க. மஞ்சள் கரைத்த தண்ணீரில் சுண்ணாம்பு விழுந்ததும் சிவக்கும். காரத்தன்மை கூடியதை மஞ்சள் காட்டிக்கொடுக்கிறது. ஃபீனால் ரெட் என்ற சாயமும் அதே ரகம்: காரத்தில் பிங்க், அமிலத்தில் மஞ்சள். டிஎன்ஏவில் ஒவ்வொரு எழுத்து சேரும்போதும் ஒரு ஹைட்ரஜன் அயனி வெளியேறும். கோடிக்கணக்கில் சேர்ந்தால் கரைசல் புளித்துவிடும். பிங்க் மஞ்சளாகும். டிஎன்ஏ இல்லையா? பிங்க் பிங்க்காகவே இருக்கும்.

வேறு சாயங்களும் உண்டு. ஹைட்ராக்ஸி நாப்தால் ப்ளூ ஊதாவிலிருந்து வான நீலத்துக்கு மாறும். இது அமிலத்தைப் பார்ப்பதில்லை. மெக்னீசியம் குறைவதைப் பார்க்கும். 2016-ல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த டிபி-லேம்ப் பரிசோதனையில் கால்சீன் சாயம் புற ஊதா ஒளியில் பச்சையாக ஒளிரும்.

சிக்கல் எங்கே?

எச்சில் மாதிரியே கொஞ்சம் அமிலமாக இருந்தால் ஃபீனால் ரெட் ஏமாந்துவிடும். கிருமி இல்லாமலே மஞ்சள் காட்டும். சில சமயம் இரண்டும் இல்லாமல் ஆரஞ்சில் நின்று குழப்பும். அதனால்தான் கிருமி இல்லாத ஒரு குழாய், கிருமி உள்ள ஒரு குழாய் என இரண்டையும் பக்கத்திலேயே வைத்து ஒப்பிடுவார்கள்.

இன்னொன்று, முடிந்த குழாயைத் திறக்கவே கூடாது. பெருகிய டிஎன்ஏ காற்றில் கலந்தால் அடுத்த நோயாளியின் குழாயும் மஞ்சளாகிவிடும். ஒருத்தருக்கு இல்லாத காசநோய்க்கு மாதக்கணக்கில் மாத்திரை!

மனிதருக்கு மட்டுமா?

இல்லை. மரக்காணம் பக்கம் இறால் வளர்ப்பவர்களுக்கு வெள்ளைப்புள்ளி நோய் என்றாலே பயம். வைரஸ் புகுந்தால் 3 முதல் 10 நாளில் குட்டையே காலியாகலாம். அந்த வைரஸுக்கான லேம்ப் முறையை ஜப்பான் ஆய்வாளர்கள் 2004-லேயே வெளியிட்டுவிட்டார்கள். இறால் குஞ்சை குட்டையில் விடும் முன்பே, ஒரு சின்ன ஹீட்டரை வைத்து கரையிலேயே சோதித்துவிடக்கூடிய முறை அது.