கெஜூரி: செய்தி கரையேறிய துறை

கொல்கத்தாவைத் துறைமுக நகரம் என்கிறோம். ஆனால் கடல் அங்கிருந்து வெகுதூரம். ஹூக்ளி ஆற்றின் வழியாகக் கீழே 68 மைல் போனால் மேற்குக் கரையில் கெஜூரி வரும். இன்று பூர்வ மேதினிப்பூர் மாவட்டத்தைச் சேர்ந்த ஊர். ஆங்கிலேயரின் கடல் வரைபடங்களில் இதன் பெயர் ‘கெட்ஜெரி’. கிழக்கிந்தியக் கம்பெனியின் பெரிய கப்பல்கள் வழக்கமாக நங்கூரம் போட்ட இடம் இதுதான். ஹூக்ளியின் மணல்திட்டுகள் இடம் மாறிக்கொண்டே இருப்பவை. ஓதமும் காற்றும் ஒத்துவந்தால்தான் ஆற்று வழிகாட்டியான பைலட் கப்பலை மேலே கொண்டுபோக முடியும். அதுவரை சரக்கும் பயணிகளும் படகு மாறுவார்கள். தபால் பை மட்டும் துடுப்புப் படகில் முன்னே ஓடும்.

கப்பல் முகத்துவாரத்துக்கு வந்த பிறகும் அது வந்த சேதி நகரத்துக்குத் தெரியச் சில நாட்கள் பிடிக்கும். அந்த இடைவெளிதான் கெஜூரியின் பிழைப்பு. அதை வளர்த்த இடைவெளி எப்படி மறைந்தது என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இந்தக் கரைக்கு அதற்கு முன்பே ஒரு வரலாறு உண்டு. ரசூல்பூர் ஆற்றின் முகத்துவாரத்தில் உள்ள ஹிஜ்லியில் அதை ஆண்ட தாஜ் கான் மஸ்னத்-இ-ஆலாவின் மசூதி இன்றும் நிற்கிறது. 1687இல் மொகலாயரோடு மோதிய கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக் இங்கேதான் வந்து ஒதுங்கினார். பீரங்கியைவிடக் காய்ச்சலே அவருடைய ஆட்களை அதிகம் கொன்றது. பிறகு வந்தது உப்பு. ‘மலங்கி’ எனப்பட்ட உப்புத் தொழிலாளர்கள் உவர்நீரைக் காய்ச்சிக் கம்பெனிக்குக் கொடுத்தார்கள். 1863இல் வங்கத்தில் அரசு உப்புக் காய்ச்சுவதைக் கைவிட்டதும் அந்த வாழ்வாதாரம் போயிற்று.

கெஜூரிக்குப் பெரும்பெயர் வாங்கித் தந்தது தந்தி. கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் வேதியியல் பேராசிரியராக இருந்த வில்லியம் ஓஷானஸி 1839இலேயே தாவரவியல் பூங்கா அருகே மூங்கில் கழிகளில் இருபது மைலுக்கு மேல் கம்பி கட்டிச் சோதித்தார். அன்று அரசாங்கம் கண்டுகொள்ளவில்லை. பதினோரு ஆண்டுகள் கழித்து, 1850இல், கல்கத்தாவிலிருந்து டயமண்ட் ஹார்பர் நோக்கிச் சோதனைத் தடம் போட அனுமதி கிடைத்தது. அது பின்னர் குக்ராஹாட்டி வழியாகக் கெஜூரிக்கு நீண்டது. மொத்தம் 82 மைல்; ஹூக்ளி, ஹல்தி ஆகிய இரு ஆறுகளையும் நீருக்கடியில் கடந்தது. கரையில் மெல்லிய கம்பிக்குப் பதிலாகத் தடித்த இரும்புக் கோல்களையே பயன்படுத்தினார் ஓஷானஸி. பருந்தும் காக்கையும் கூட்டமாக உட்கார்ந்தாலும், குரங்கு தொங்கினாலும் அறாது என்பது அவர் கணக்கு. ஐரோப்பிய முறையை அப்படியே பெயர்த்து வைக்காமல் ஊருக்கேற்ப மாற்றினாரே, அங்கேதான் அவருடைய திறமை தெரிகிறது. அவரிடம் பயின்ற சிப்சந்திர நந்தி இந்தத் தடத்தில் உழைத்தவர். பின்னாளில் மீனவர் படகுகளைக் கொண்டே பத்மா ஆற்றில் கேபிள் இறக்கினார். தந்தி வரலாறு எழுதியவர்கள் அவருக்கு ஓரிரு வரிக்கு மேல் ஒதுக்குவதில்லை என்பது என் மனக்குறை.

1852 ஏப்ரலில் இரண்டாம் பர்மியப் போர். ரங்கூன் வீழ்ந்த செய்தியோடு ‘ராட்டில்ஸ்நேக்’ கப்பல் ஆற்றுமுகத்துக்கு வந்தது. கப்பல் ஆற்றில் ஏறும் முன்பே செய்தி கெஜூரியிலிருந்து கல்கத்தாவுக்குப் பறந்துவிட்டது. நாடு முழுவதும் தந்தி வேண்டும் என்று கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி பரிந்துரைத்ததும் அதே மாதத்தில்தான். ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் லண்டனில் வாதாட இதைவிட நல்ல சான்று கிடைத்திருக்காது. 1854 மார்ச்சில் கல்கத்தாவிலிருந்து ஆக்ராவுக்குச் செய்தி போனது. 1855 பிப்ரவரியில் தந்தி பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. சென்னைக்கு அது வந்த வழி சுற்றுவழி: கிழக்குக் கரையோரமாக வராமல் பம்பாய், பெங்களூர் என்று வளைந்து வந்தது.

கெஜூரி அழிந்ததற்குப் புயலே காரணம் என்று பொதுவாகச் சொல்வார்கள். 1864 அக்டோபர் 5ஆம் நாள் புயலும் கடல்பெருக்கும் ஹூக்ளிக் கரை நெடுக ஏறத்தாழ அரை லட்சம் பேரைக் கொண்டுபோயின என்பது உண்மைதான். ஆனால் அதற்கு முன்பே நீராவி இழுவைப் படகுகள் கப்பல்களைக் காத்திருக்க விடாமல் நேரே நகரத்துக்கு இழுத்துப் போகத் தொடங்கியிருந்தன. செய்தி நொடியில் போய்விட்டது, கப்பலும் நிற்கவில்லை என்றால் இடைத்துறைக்கு என்ன வேலை? புயல் வரும்போது கெஜூரி ஏற்கெனவே மெலிந்திருந்தது. மறுபடி கட்டியெழுப்ப யாருக்கும் லாபம் இல்லை.

அதன் பிறகு கெஜூரி கடலோடிகளின் வரைபடத்திலிருந்து நழுவி, வேறு காரணங்களுக்காகப் பேசப்பட்டது. ரசூல்பூர் முகத்துவாரத்தையும் காந்தி என்ற ஊரின் வட்டாரத்தையும் களமாக வைத்து வங்க எழுத்தாளர் பங்கிம் சந்திரர் 1866இல் ‘கபாலகுண்டலா’ நாவலை வெளியிட்டார். 1930இல் காந்தி வட்டாரத்தின் பிச்சாபனியில் உப்புச் சத்தியாக்கிரகம் நடந்தது. 2007இல் நந்திகிராமத்தோடு சேர்ந்து கெஜூரியின் பெயரும் கலவரச் செய்திகளில் அடிபட்டது. பக்கத்துப் பேட்டுவாகாட் மீன்பிடித் துறைமுகத்தில் இன்று விசைப்படகுகள் நிற்கின்றன.

கெஜூரியில் பழைய அஞ்சலகக் கட்டடத்தின் இடிபாடும் ஐரோப்பியர் கல்லறைகளும் எஞ்சியுள்ளன. இந்தியாவின் முதல் அஞ்சலகம் இதுவே என்கிறார்கள் ஊரார். 1774இல் வாரன் ஹேஸ்டிங்ஸ் கல்கத்தாவில் தலைமை அஞ்சலகம் நிறுவியதைத் தாண்டி அந்த உரிமையை நிலைநாட்டுவது கடினம். இந்தியத் தந்தியின் முதல் கடல்முனை என்ற பெருமைக்கோ எழுத்துச் சான்று இருக்கிறது. ஊரில் அதைப் பற்றித்தான் பேச்சில்லை.