ஏலம்

மச்சான் போடியில் ஜீப் ஓட்டுகிறான். விடிகாலையில் ஏலத்தோட்டத்து வேலைக்குப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு ஏறி, கேரளப் பக்கம் இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்பக் கூட்டிவர வேண்டும். நடுவில் சும்மா இருக்கும் நேரத்துக்கு ஒரு யூடியூப் சேனல். பனி, வளைவு, அருவி என்று நாற்பது வீடியோ போட்டுவிட்டான். சப்ஸ்கிரைபர் முந்நூறைத் தாண்டவில்லை.

“நீ கம்ப்யூட்டர் படிச்சவன்தானே மாப்ள, ஆள் சேக்குறது எப்படின்னு சொல்லு” என்றான்.

நான் அவனுக்கு 1958ல் நடந்த கதையைச் சொன்னேன்.

1957ல் கேரளாவில் இ.எம்.எஸ். நம்பூதிரிபாட் தலைமையில் கம்யூனிஸ்ட் அரசு அமைந்தது. 126 இடங்களில் கட்சிக்குக் கிடைத்தவை 60. ஐந்து சுயேச்சைகளின் ஆதரவில்தான் ஆட்சி. அந்த நிலையில், தேவிகுளத்தில் ரோசம்மா புன்னூஸ் ஜெயித்தது செல்லாது என்று தீர்ப்பு வந்தது. 1958ல் இடைத்தேர்தல். ஒவ்வொரு இடமும் உயிர்நாடியாக இருந்த நேரம். ஓட்டுப் போடவேண்டியவர்களில் பெரும்பகுதி தேயிலைத் தோட்டத்துத் தமிழ்த் தொழிலாளர்கள். மாநிலப் பிரிவினைக்குப் பிறகு கேரளாவில் தங்கிவிட்ட தமிழர்கள். அவர்களிடம் மலையாளத்தில் மேடை போட்டு என்ன பயன்?

போடிக்குத் தெற்கே பண்ணைப்புரத்திலிருந்து பாவலர் வரதராஜன் ஹார்மோனியத்தோடு மலையேறினார். ஆம், இளையராஜாவின் அண்ணன். அவருடைய முறை எளிமையானது: சனங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த மெட்டு, அதில் அவர்களுடைய பாடு. காங்கிரஸின் சின்னம் அப்போது இரட்டைக் காளை. அந்தக் காளைகளைக் கிண்டலடித்தும் பாட்டு கட்டினார். மெட்டு தெரிந்ததால் கேட்டவர்கள் கூடவே பாடினார்கள். மறுநாள் கொழுந்து கிள்ளும்போது அந்தப் பாட்டு அவர்கள் வாயிலேயே இருந்திருக்கும். இன்றைக்கு ‘ஷேர்’ என்கிறோமே, அதுதான். ரோசம்மா மறுபடியும் ஜெயித்தார். அந்த வெற்றியில் பாவலருக்குப் பெரிய பங்கு உண்டு என்று இன்றும் சொல்வார்கள். பதின்வயதில் அண்ணன் குழுவில் சேர்ந்து ஊர் ஊராகப் போன தம்பி, கூட்டம் எந்த இடத்தில் அசைகிறது என்பதை அங்கேதான் படித்தார். ‘அன்னக்கிளி’ வர 1976 ஆனது.

“அவரு பாட்டுக்காரரு. நான் டிரைவரு” என்றான் மச்சான்.

சரி, பாட்டுக்காரர் வேண்டாம். புதுக்கோட்டை மாவட்டம் சின்னவீரமங்கலத்தை எடுத்துக்கொள்வோம். விவசாய வேலை இல்லாத மாதங்களில் என்ன செய்யலாம் என்று யோசித்த பேரன்களும், சமையல் தொழில் தெரிந்த தாத்தா பெரியதம்பியும் 2018ல் ‘வில்லேஜ் குக்கிங் சேனல்’ ஆரம்பித்தார்கள். 2016ல் ஜியோ வந்து டேட்டா மலிவாகியிருந்தது. கிராமத்துப் போனிலும் வீடியோ ஓடியது. வயல்வெளியில் பெரிய பாத்திரத்தில் சமைத்து, ஊர் முதியவர்களுக்குப் பரிமாறினார்கள். பேச்சு குறைவு. ஒவ்வொரு சாமானையும் கேமராவுக்கு நேரே நீட்டி, பேரைக் கத்திச் சொல்லிச் சட்டியில் போடுவார்கள். தமிழ் தெரியாதவனுக்கும் புரிந்துவிடும். 2021 ஜனவரியில் ராகுல் காந்தி வந்து காளான் பிரியாணி சாப்பிட்டார். ஜூலையில் ஒரு கோடி சப்ஸ்கிரைபர்கள். அந்த எண்ணிக்கையைத் தொட்ட முதல் தமிழ்ச் சேனல். முதல்வரின் நிவாரண நிதிக்கு 10 லட்சம் ரூபாய் கொடுத்தார்கள்.

இதில் இயந்திரத்துக்கும் பங்கு உண்டு. 2012ல் யூடியூப் தன் கணக்கை மாற்றியது: எத்தனை பேர் கிளிக் செய்தார்கள் என்பதைவிட எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதற்கே மதிப்பு. அடுப்பு பற்றவைப்பதில் தொடங்கி இலையில் விழும்வரை கண்ணை எடுக்கவிடாத சமையலுக்கு அது தோதாக அமைந்தது. 2018 ஜனவரியில் இன்னொரு வாசற்படி வைத்தார்கள். விளம்பரக் காசு வேண்டுமென்றால் ஆயிரம் சப்ஸ்கிரைபர், பன்னிரண்டு மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வை. மச்சான் மாட்டிக்கொண்டு நிற்பது இந்தப் படியில்தான்.

தமிழில் காய்க்கும் ஏலம், கூவி விற்பதற்கும் ஏலம். போடியில் இரண்டும் ஒரே இடத்தில் நடக்கிறது. வியாபாரிகள் மாதிரிக் காயைக் கையில் உருட்டிப் பார்த்துவிட்டுக் கணினியில் விலை ஏற்றுவார்கள். யூடியூபிலும் அதே கதைதான். வீடியோவுக்கு முன்னால் வரும் விளம்பரம் கண்ணிமைக்கும் நேரத்தில் ஏலம் போட்டுத்தான் அங்கே வருகிறது. அங்கே உருட்டிப் பார்க்கப்படும் காய் பார்க்கிறவனின் நேரம். பாவலருக்கும் ஒரு கணக்கு இருந்தது, ஓட்டு. ஆனால் கூட்டம் எழுந்து போனால் முகத்தைப் பார்த்தே காரணம் தெரிந்துகொள்வார். மச்சானின் போனில் உள்ள வரைபடம், எந்த நொடியில் ஆள் போனான் என்று மட்டும் காட்டும். ஏன் போனான் என்று சொல்லாது.

“நாற்பது வீடியோவுல ஒரு மனுசனாவது இருக்கானா?” என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை.

மறுவாரம் ஜீப்பில் வருகிறவர்களிடம் கேட்டிருக்கிறான். “கைய எடு, மூஞ்சிய எடுக்காத” என்றார்களாம். கங்காணியிடம் அனுமதி வாங்கித் தோட்டத்துக்குள் போனான். செடியின் தூரோடு குனிந்து, பழுத்த காயை மட்டும் பிரித்தெடுக்கும் விரல்கள். பின்னணியில் அவர்களே பேசுகிறார்கள்: எத்தனை மணிக்கு எழுந்தது, பிள்ளையை யாரிடம் விட்டது, அட்டை கடித்தது.

ஆயிரம் இன்னும் வரவில்லை. ஆனால் அந்த வீடியோவை முதலில் பார்த்தது அந்த ஜீப்தான். போடியில் இறங்கும்போது ஒரு அக்கா சொன்னாராம்: “தம்பி, இன்னொருக்கா போடு. என் பேச்சு வருதுல்ல, அத எம்மக கேக்கணும்.”